ராடா... கேபிளா?

செல்போன் 'டிங்' என்றது.

சக்தி திரையைப் பார்த்தாள்.

'மகேந்திரன் பைக்ல ராட் இல்லம்மா. கேபிள்.'

எழுதியவன் தருண்குமார். ஆபீஸில் அவளுடைய டீம் லீட். அண்ணன் மகேந்திரனுக்கும் அவன்தான் லீட்... அண்ணன் உயிரோடு இருந்தவரை!

போன மாதம் சாமுண்டி மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் விழுந்தான் மகேந்திரன். பைக் எரிந்து கரிக்கட்டையானது. விபத்து என்று ஃபைலை மூடினார்கள்.

சக்தி மூடவில்லை.

சாஃப்ட்வேரில் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் ஒரு வழி உண்டு. வேண்டுமென்றே தப்பான தகவலை உள்ளே அனுப்ப வேண்டும். எது அலறுகிறதோ, அங்கே தேட வேண்டும்!

அண்ணன் இருந்த 'புகை கோஷ்டி'யில் சேர்ந்தாள். மைசூரின் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் பைத்தியங்களின் சின்ன ஆன்லைன் குழு. யாராவது தப்பாகப் பேசினால் திருத்தாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது.

'அண்ணன் பைக்ல பின்பக்க பிரேக் ராட் முறிஞ்சிருச்சாம்' என்று போட்டாள்.

அந்த ரக பைக்கில் பின் பிரேக்கை இழுப்பது இரும்புக் கம்பி, அதாவது ராட்தான். எல்லோரும் அனுதாபம் சொன்னார்கள். ஒருவனைத் தவிர... அதே குழுவில் இருந்த தருண்குமார்!

சாவதற்கு முந்தின நாள்தான் மகேந்திரன் ராடைக் கழற்றிக் கேபிள் மாட்டினான். டார்ச் பிடித்தவள் சக்தி. குழுவுக்கு சர்ப்ரைஸ் என்று வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆக, பைக்குக்கு அடியில் குனிந்தவனுக்குத்தான் அது தெரியும்...

ஞாயிறு காலை. புகை கோஷ்டி மலையேறியது. நந்தி சிலைப் பக்கம் வண்டிகள் நின்றன.

"சார், கேபிள்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தருண்குமாரின் கையில் சுருமுரி என்னும் காரப்பொரிப் பொட்டலம் பாதியில் நின்றது.

"பார்க்கிங்ல பார்த்தேன்ம்மா. சும்னே... சும்மா எதையாவது யோசிக்காதே."

"உங்க மெசேஜ் வந்ததும் அண்ணன் லேப்டாப்பைத் தோண்டுனேனுங்க. கம்பெனியோட சாஃப்ட்வேர் கோடை வெளிய வித்தீங்களே... அதை அண்ணன் கண்டுபுடிச்ச அன்னைக்குங்களா?"

"ஏய்! என்ன பேசறே?"

அவள் உள்ளங்கையை விரித்தாள். ஒரு சின்ன ஸ்ப்ளிட் பின்!

"பிரேக் ராட் நழுவாமப் புடிக்கறது இதுதானுங்க. உங்க வண்டில இருந்து உருவிட்டேன். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் இறக்கத்துல வண்டியப் புடிக்காது. முன் பிரேக்கை மட்டும் நம்புனா குப்புறத் தூக்கி எறியும்! அண்ணன் வண்டிலயும் நீங்க இதைத்தானுங்களே உருவுனீங்க?"

அவன் முகம் வெளுத்தது. அடுத்த நொடி சிவந்தது.

"லூசா நீ? கேபிளுக்கு ஏதுடி ஸ்ப்ளிட் பின்? பாதி இழையை அறுத்துவிட்டாப் போதும்! சமதரைல தாங்கும். இறக்கத்துல அழுத்தி மிதிச்சாத்தான்..."

நிறுத்தினான்.

சுருமுரி சிதறியது.

பக்கத்து பைக்கில் இருந்த புது உறுப்பினர் ஹெல்மெட்டைக் கழற்றினாள். சப்-இன்ஸ்பெக்டர் மாதேவி! கையில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"போதும் தருண்குமார். மிச்சத்தை ஸ்டேஷன்ல வந்து திருத்து."

அவன் பாய்ந்து தன் பைக்கில் ஏறினான். உதைத்தான். எஞ்சின் உறுமியது.

எதிரே... வளைந்து வளைந்து இறங்கும் சாலை!

கால் உறைந்தது. கிளட்சை விடக் கை வரவில்லை. வியர்வை கண்ணில் வழிந்தது.

மாதேவி நிதானமாக நடந்து வந்து விலங்கு மாட்டினாள்.

சக்தி அந்தப் பின்னை அவன் சட்டைப் பையில் போட்டாள்.

"அண்ணன் கடைசியாப் பட்ட பயம்... உங்களுக்கும் கொஞ்சம் வேணும்னுதானுங்க! இது காலைல கடைல வாங்குனது."

"அப்... அப்ப என் வண்டி?"

"உங்க வண்டில பிரேக் பத்திரமா இருக்குதுங்க சார்... வாய்லதான் இல்ல!"