மாதாவை ஒளித்த இடம்

"அந்த மூட்டையில என்ன?"

லாபே ஆற்றின் மேல் மழை சாய்ந்து சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. படகுகளை ஏற்றி இறக்கும் மதகின் மேல் ஒரே ஆள் போகிற பலகைப் பாலம். இந்தப் பக்கம் ஜித்கா, மார்போடு கம்பளி மூட்டையை அணைத்தபடி. எதிரே கையில் கடப்பாரையோடு புது மதகுக்காரன் ராதிம். ஓஸ்ட்ராவா சுரங்கத்தை மூடியதும் இங்கே பிழைக்க வந்தவன்.

"வாத்து" என்றாள்.

"வாத்தா?"

"ஞாயித்துக்கிழமை கோவில் திருவிழா. வீட்டுக்கு வீடு வாத்து வறுப்போம். உங்க ஊர்ல வறுக்க மாட்டாங்களா?"

"வறுப்போம். ஆனா எங்க ஊர் வாத்து கிரீடம் வச்சுக்காது."

கம்பளி விலகியிருந்தது. மரத்தாலான மாதா சொரூபத்தின் பொன்முலாம் கிரீடத்தில் மழைத்துளி மின்னியது. சட்டென்று மூடினாள். ஐயோ... பார்த்துவிட்டான்.

நிமிர்ந்தபோதுதான் அந்தக் கண்கள் தெரிந்தன. எத்தனை கழுவினாலும் போகாத கரித்தூள் இமையோரம் தங்கி, மை தீட்டினாற்போல... திருடனுக்கு இவ்வளவு அழகான கண் எதற்கு?

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க. வழி விடுங்க!"

அவன் திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து பாலத்தின் கோடிக்குப் போய் ஒதுங்கி நின்றான்.

ஜித்காவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஜெர்மன் எல்லை திறந்த நாள்முதல், அந்தப் பக்கம் விற்கிற திருடர்களால் ஆற்றங்கரைக் கோவில்களில் புனிதர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊரில் வெறும் பீடம்தான் மிச்சம். இந்த ஊர் போட்ஸ்கலி மாதாவுக்கும் ஆபத்து என்று பங்குச் சாமியார் ஒரு நகலைச் செய்வித்துப் பீடத்தில் வைத்துவிட்டு, அசலை ஜித்காவிடம் கொடுத்தார். அவளிடம்தான் கொடுக்க வேண்டும். ஸ்வீடன்காரன் படை வந்தபோது மாவுத்தொட்டிக்குள், பேரரசர் யாத்திரையைத் தடுத்தபோது தேனீப்பெட்டிக்குள், ஜெர்மன்காரன் இருந்தபோது துணி வேகவைக்கும் கொப்பரைக்குள்... மாதாவை ஒளித்துக் காப்பாற்றியதெல்லாம் அவள் வீட்டு ஆட்கள். இந்த முறை அவள் ஒருத்திதான். தவறவிட்டால் ஊருக்கு மாதா இல்லை.

மறுநாள் அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்து வாசலில் அவன் நின்றான்.

"வாத்து சௌக்கியமா?"

எட்டு மணி நேரம் ஈரத் துணி பிழிந்த கை ஜில்லென்று ஆனது. எதற்கு விசாரிக்கிறான்?

"உங்க ஊர் ஆளுங்க வார்த்தையை ஏன் இப்படி வெட்டி வெட்டிப் பேசுறீங்க? நீட்டிப் பேசினா காசா கேட்கப் போறோம்?" என்றாள்.

"சுரங்கத்துல நீட்டிப் பேசினா வாய்க்குள்ள கரி போயிடுங்க."

சிரிப்பு வந்தது. அடக்கினாள். சிரிக்க வைக்கிறவனைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்... அங்கேயே ஒரு கண்ணி வைத்தாள்.

"வாத்து எங்கன்னு தெரிஞ்சுக்கணும்னா கேளுங்க. அணைக்கு அந்தாண்ட இடிஞ்ச ஆலை இருக்குல்ல? அதுல பழைய சுண்ணாம்புக் குழி. பலகை போட்டு மூடியிருக்கு."

"என்கிட்ட எதுக்குங்க இதெல்லாம்..." என்றவன் முகம் வெளுத்தது.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் ஆலையின் மாடிச் சுவருக்குப் பின்னால் பதுங்கினாள். வந்தால் திருடன். வராவிட்டால்...

வந்தான்!

சுவர் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். இடமும் வலமும் பார்த்தான். குழியை நெருங்கினான். திறக்கப் போகிறான்... இல்லை. பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தான். கொழுப்புத் தடவிய ரொட்டியை எடுத்துத் தின்றான். மழை பிடித்தது. அவன் போகவில்லை. கோட்டைக் கழற்றிப் பலகைகளின் மேல், இடுக்கு விடாமல் விரித்தான். உள்ளே மாதா நனையக் கூடாதாம்! தான் மட்டும் சட்டையோடு நடுங்கிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

ஜித்காவுக்குத் தாங்கவில்லை. இறங்கி ஓடினாள்.

"எழுந்திருங்க... உள்ள ஒண்ணும் இல்லை."

அவன் பலகையைத் தூக்கிப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"காலிக் குழிக்குக் காவலா? நேத்தும் வேலைக்கு அப்புறம் இருட்டுற வரைக்கும் உட்கார்ந்திருந்தேங்க."

"சோதிச்சுப் பார்த்தேன்..."

"வெளியூர்க்காரன்னாலே திருடன்தான் இல்ல?" கோட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. நகலைத் தோளில் சுமந்து ஊரே பாடிக்கொண்டு போனது. அவள் கண் கூட்டத்தில் கரிக்கோடு போட்ட இரண்டு கண்களைத் தேடியது. இல்லை. ஏழு மணிப் பேருந்தில் அவன் ஊருக்கே போகிறானாம்... யாரோ சொன்னார்கள்.

மதகுக்கு ஓடினாள். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அது எங்க இருக்குன்னு சொல்ல வந்தேன்" என்றாள், மூச்சு வாங்க.

"வேணாம். நாளைக்கு அது காணாமப் போனா முதல்ல என் மூஞ்சியைத்தான் பார்ப்பீங்க."

"கேளுங்களேன்..."

"ஊர்ல சொன்னாங்க. உங்க வீட்டு ஆள் தவிர யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே இத்தனை தலைமுறையா வச்சிருக்கீங்க? நான் யாரு உங்களுக்கு?"

"என் கட்டிலுக்கு அடியில!" கத்தியே விட்டாள். "உருளைக்கிழங்குப் பெட்டிக்குள்ள!"

அவன் பெட்டியை விட்டு நிமிர்ந்தான்.

"ஏங்க... ஏன் சொன்னீங்க?" அவன் குரல் இறங்கியிருந்தது.

"வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. சந்தேகப்பட்டுப் பட்டே எனக்கு வேற பேச்சு வராமப் போச்சு. உங்களைப் பிடிச்சிருக்கு. போகாதீங்க."

அவன் பெட்டியைக் கட்டிய கயிற்றை மெல்ல அவிழ்க்கத் தொடங்கினான்.

"கட்டிலுக்கடியில அதை வச்சுக்கிட்டு ராத்திரி தூக்கம் வருதா உங்களுக்கு?"

"எங்க வருது? ஒரு சத்தம் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துக்கிறேன். இனிமே நீங்களே வந்து காவல் இருங்க..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முகம் சிவந்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

சோப்புத் தண்ணீரில் வெடித்த அந்த விரல்களை அவன் ஒவ்வொன்றாக விலக்கினான்.

"இருக்கேன்" என்றான்.