சாயம் போகாத பூ

அம்ப்ருவாஸ் தெலியே மதியச் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது, சலவைக்காரி ஜாவோத் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். அவள் புருஷன் ஜெரோ பாரிஸில் எங்கள் பேட்டைக்குத் தண்ணீர் சுமப்பவன். நீரூற்றுச் சந்தில் ஒனோரின் தலை உடைந்து கிடந்ததை முதலில் பார்த்தவன் அவன்தான். பார்த்த பாவத்துக்கு அவனையே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தோளில் இருந்த காவடித் தடியால் அடித்திருப்பான் என்பது பேட்டைக் குழுவின் கண்டுபிடிப்பு.

செத்தவளின் தலைத்துணியில் குடியரசின் மூவர்ணத் துணிப்பூ குத்தியிருந்தது. அதனால் இது வெறும் கொலை இல்லையாம், குடியரசின் மேலேயே விழுந்த அடியாம். நாளைக் காலை புரட்சி நீதிமன்றம். அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"அவ எனக்குக் கூடப்பிறக்காத குறை. அவளை என் புருஷன் அடிப்பானா?" என்றாள் ஜாவோத்.

ஒனோரின், பேச்சாளர் மர்ஷேயிடம் நகல் எழுதுபவள். அப்படித்தான் ஊருக்குத் தெரியும். உண்மையில் மர்ஷே மேடையில் முழங்கிய ஒவ்வொரு வரியும் அவள் எழுதியதுதான் என்று ஜாவோத் இப்போது சொன்னாள். "அறிவுக்கு ஆண் பெண் கிடையாது" என்ற பேச்சு அச்சுக்குப் போகிறது, அதில் தன் பெயரையும் போடச் சொல்லி இன்று கேட்கப்போவதாக நேற்று துவைக்கும்போது சொன்னாளாம். ஜாவோத் சிரித்தாளாம். அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

தெலியே எங்கள் பேட்டையின் நீதிபதி. அரசர் காலத்திலும் காவல் அலுவலகத்தில் பேனா பிடித்தவர். நிதானமான ஆள். அவருடைய எழுத்தர் சிப்ரியான் அதற்கு நேர்மாறு. முப்பது வருடம் பொய்முடி செய்து விற்றவன். பொய்முடி வைத்த தலைகளே போய்விட்டதால் பிழைப்பும் போய்விட்டது. எல்லோரையும் 'நீ' என்றே அழைக்க வேண்டும் என்று ஆணை வந்த பிறகும் அவன் வாயில் 'அய்யா' வந்துகொண்டேதான் இருந்தது.

அன்று காலை எட்டு மணிக்குப் பிடித்த மழை பத்து மணிக்குத்தான் விட்டது. சந்தில் கிடந்த உடம்பு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தெலியே ஜாவோத்தோடு அங்கே போய், அவளுடைய வெள்ளைத் தலைத்துணியின் ஓரத்தைப் பிழிந்தார். தெளிந்த தண்ணீர் வந்தது. மரக்காலணிகளைத் திருப்பிப் பார்த்தார். அடியில் சேறே இல்லை.

"இந்தப் பூ யாருடையது?"

ஒனோரின் தானே தைத்தது என்றாள் ஜாவோத், தையலே சொல்கிறது. மலிவுக் கம்பளி. போன மழையில் சிவப்புச் சாயம் ஓடி, அவளுடைய கம்பளி முக்காட்டு அங்கி முழுக்க வழிந்து, அதைத் துவைத்துத் தன் கையே சிவந்ததாம். வெளியே வரும்போது அந்த அங்கியில்தான் பூவைக் குத்திக்கொள்வாள்.

அங்கியைக் காணவில்லை.

வீடு தேடி வந்த தெலியேயையும் சிப்ரியானையும் மர்ஷே கட்டித்தழுவி வரவேற்றார். பேட்டைக் குழுவில் அவரும் ஒருவர். ஒனோரின் இன்று வரவே இல்லை என்றார், தாமும் வெளியே போகவில்லை என்றார், கண்ணீர்கூட விட்டார். அறையில் இருந்த கருகல் வாடைக்குச் சிப்ரியான் மூக்கைச் சுளித்தான். பழைய இறகுப் பேனாக்களை எரித்ததாக மர்ஷே உடனே விளக்கம் சொன்னார். தெலியே குளிர் காய்வதுபோல அடுப்பருகே குனிந்து, சாம்பலைக் கிளறி, எதையோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாலையில் குழு கூடியது. ஜாவோத் வாசலில் நின்றாள்.

"பெண்கள் பூ இல்லாம வெளிய வரக்கூடாதுங்கறது சட்டம்," என்று தெலியே ஆரம்பித்தார். "ஒனோரின் மழைக்கு முன்னாடியே பூவோட வேலைக்கு வந்தா. ஆனா மழையில கிடந்தப்போ அவமேல பூ இல்லை. இருந்திருந்தா தலைத்துணி சிவந்திருக்கும். மழை விட்டப்புறம் யாரோ வந்து குத்தியிருக்கான். காலணியில சேறு இல்லை. அவளைத் தூக்கிட்டு வந்து போட்டிருக்கான்."

"ஜெரோவே குத்தியிருக்கலாமே?" என்றார் மர்ஷே.

"அவனுக்கு அவ பூ எப்படிக் கிடைக்கும்? அங்கியைக் கழட்டி மாட்டின வீட்டுலதான் அது இருந்துச்சு. நீ அவளை வீட்டுல வச்சு அடிச்சே. மழைக்குச் சந்துல ஆள் இல்லை, கொண்டுபோய்ப் போட்டே. திரும்பி வந்தா ஆணியில அங்கி தொங்குது. பூ இல்லாத பொணத்தைப் பார்த்தா, எந்த வீட்டுலேர்ந்து வந்தாங்கற கேள்வி வரும். காஞ்ச அங்கியை நனைஞ்ச உடம்புல போடவும் முடியாது. அதனால பூவைக் குத்திட்டு அங்கியை எரிச்சே. சாயத்தை நீ யோசிக்கலை. துணியை என்னைக்காவது துவைச்சிருந்தாத்தானே?"

"இறகு வாடை எனக்குத் தெரியாதா அய்யா? அது கம்பளி," என்றான் சிப்ரியான்.

தெலியே ஒரு பித்தளைக் கொக்கியை மேசையில் வைத்தார். ஒனோரினின் அங்கிக் கொக்கி என்று ஜாவோத் வாசலிலிருந்தே சொன்னாள். மர்ஷேயின் முகம் வெளுத்துவிட்டது. அறையில் இருந்த எல்லோருக்கும் உண்மை தெரிந்துவிட்டது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குழுத் தலைவர் செருப்புத் தைக்கிறவர், நல்லவர் என்று பெயர் எடுத்தவர். கொக்கியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். பேட்டைக்கு இருப்பது ஒரே ஒரு பேச்சாளர். அடுத்த மாதம் படைக்கு ஆள் திரட்ட வேண்டும்.

"அப்ப பூ அவமேல இல்லை. நீயே நிரூபிச்சிட்டே," என்றார். "பூ இல்லாம தெருவுல நின்னிருக்கா. எவனோ தேசபக்தன் கோவத்துல அடிச்சிட்டான். இது குடியரசு மேல விழுந்த அடி இல்லை. ஜெரோ வீட்டுக்குப் போகலாம். கொக்கி ஊர்ல நூறு கிடக்கும். இதுல கையெழுத்துப் போடு. இல்லேன்னா பழைய அறிக்கையே நாளைக்குப் போகும், ஜெரோவும் போவான்."

தெலியே வாசலைப் பார்த்தார். ஜாவோத் இரண்டு கைகளாலும் முன்துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

அவர் கையெழுத்துப் போட்டார்.

புதிய நாட்காட்டியில் பத்து நாளுக்கு ஒருமுறை வரும் ஓய்வு நாள் கூட்டத்தில், முன்பு தேவாலயமாக இருந்த மண்டபத்தில், மர்ஷே சமத்துவத்தைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு வரியும் ஜாவோத்துக்குத் தெரியும். துவைக்கும் தொட்டியருகே உட்கார்ந்து ஒனோரின் அவளுக்குத்தான் முதலில் படித்துக் காட்டுவாள். பேச்சு முடிந்ததும் மண்டபம் அதிர்ந்தது. யார் கை தட்டவில்லை என்று பார்ப்பதற்கென்றே சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். பக்கத்தில் ஜெரோ உயிரோடு நின்றான்.

ஜாவோத் கை தட்டினாள். இரண்டு வரிசை தள்ளி நின்று அதைப் பார்த்த தெலியேயும் தட்டினார்.