ஆண்வழி

பூப்பறையின் கூரைக் கம்பிகளில் இலைநோக்கிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. விரலளவு இயந்திரங்கள். ஒவ்வொரு இலையின் அடிப்புறத்தையும் படமெடுத்து அவை சொல்லும் செய்தி பல வருடங்களாக ஒன்றேதான்: செம்பேன் இல்லை.

கோலார் தங்கவயலில் தங்கம் தீர்ந்து கைவிட்ட சுரங்கத்துக்குள், விளக்கொளியில் மருந்துக் கஞ்சா பூத்து நின்றது. அந்தப் பூவின் எண்ணெய்தான் வலிப்பு நோயாளிகளுக்கு மருந்து. அங்கே பயிர்க்காப்புத் தலைவியாக இருந்தவள் பிரிசில்லா.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நிலைமை வேறு. செம்பேன் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். இலையடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். செடி பூவெடுத்ததும் மேலேறி மொட்டுகளை ஒட்டடை பின்னி மூடிவிடும். பூத்த செடிக்கு மருந்தடிக்கவும் முடியாது. அடித்ததெல்லாம் எண்ணெயோடு நோயாளியின் உடம்புக்குள் போய்விடும். அறை அறையாகச் செடிகளைப் பிடுங்கி எரித்தார்கள்.

அப்போதுதான் பிரிசில்லா ஆண்வழியைக் கண்டுபிடித்தாள். ஆண் பேனின் மரபணுவில் ஒரு சிறு திருத்தம். அது எந்தப் பெண்ணோடு சேர்ந்தாலும் பிறப்பதெல்லாம் ஆண். அந்த ஆண்களும் அதே திருத்தத்தைச் சுமந்து அடுத்த பெண்ணைத் தேடிப் போகும். சில தலைமுறைகளில் பெண்ணே இல்லாமல் இனம் அற்றுப்போகும். பூப்பறையில் விட்டது காற்றோடு வெளியே போனது. தேயிலை, பருத்தி, கத்தரி, ரோஜா என்று எல்லாத் தோட்டங்களிலும் செம்பேன் ஒழிந்தது. அதை மட்டுமே தின்று வாழ்ந்த இரைப்பேன்களும் பசியில் செத்தன. யாரும் அழவில்லை. உயிருள்ள செம்பேன் வைத்திருப்பது குற்றம் என்று சட்டம் வந்தபோது, அதன் வாசகத்தை எழுதிக் கொடுத்தவளும் பிரிசில்லாதான்.

அவள் தங்கை ரோஸ்லினுக்குச் சிறுவயதிலிருந்தே வலிப்பு. பூவெண்ணெய் வந்த பிறகு அது அடியோடு நின்றது. ரோஸ்லின் நகரப் பேருந்து ஓட்டுநரானாள். ஒரு மத்தியானம் ராபர்ட்சன்பேட்டை சந்தை அருகே அவள் கண்ணோரம் வெளிச்சம் மினுங்கியது. வலிப்புக்கு முன்னால் வரும் அந்த மினுக்கத்தை அவள் மறந்தே போயிருந்தாள். வண்டியை ஓரங்கட்டி பிரேக்கை இழுத்தாள். அவ்வளவுதான், ஸ்டியரிங் மேல் சரிந்துவிட்டாள். பயணிகள் யாருக்கும் அடியில்லை. அவளுக்கு நாக்கு கிழிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே பிரிசில்லா உட்கார்ந்தாள். "வேளை தப்பாம சாப்பிட்டியா ரோஸி?"

"சாப்பிட்டேன்க்கா. ஆனா அது மருந்து மாதிரியே இல்ல. முன்னெல்லாம் தொண்டையில ஒரு கசப்பு நிக்கும், தண்ணி குடிச்சாலும் போவாது. இப்ப தேங்கா எண்ணெய் முழுங்குற மாதிரி இருக்கு."

"எப்பலருந்து?"

"கொஞ்சங் கொஞ்சமா கொறஞ்சிட்டே வந்துச்சு. நல்லதுக்குத்தான்னு நெனச்சேன்."

ரோஸ்லின் ஒருத்தி மட்டுமல்ல. பல ஊர்களிலிருந்து மருத்துவர்கள் கூப்பிட்டார்கள். சேலத்தில் ஒரு கல்லூரிப் பெண் தூக்கத்திலேயே வலிப்பு வந்து இறந்துபோனாள். ஆனால் நிறுவனத்தின் சோதனைகளில் எண்ணெய் ஒரு குறையும் இல்லாமல் தேறிக்கொண்டிருந்தது.

பிரிசில்லா சேமிப்பறையிலிருந்து செம்பேன் காலத்துப் பழைய எண்ணெயை எடுத்துப் புதியதோடு சேர்த்து ஆராய்ந்தாள். பெரிய பொருள்கள் எல்லாம் சமம். பழையதில் மட்டும் மிகச் சிறிதாக ஒன்று கூடுதலாக இருந்தது. அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. இல்லாததை யாரும் தேடாததால் சோதனைகள் தேறியிருந்தன. பழைய எண்ணெயில் ஒரு துளியை நாக்கில் வைத்தாள். கசந்தது.

செடி தன்னைக் கடிப்பவனுக்கு எதிராகச் சுரக்கும் கசப்பு அது என்று அவளுக்குப் புரிந்தது. செடியைக் கடித்தவன் இன்று உலகில் இல்லை. பேன் காலத்து எண்ணெயைப் புதியதோடு கலந்து கலந்து கொடுத்ததால்தான் கசப்பு ஒரேயடியாகப் போகாமல் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைந்திருந்தது. இலைகளை ஊசியால் குத்திப் பார்த்தாள். கிள்ளினாள், சுரண்டினாள். செடி ஏமாறவில்லை. செம்பேனின் எச்சில் பட்டால்தான் அது அந்தக் கசப்பைச் சுரக்கும்.

எங்கும் தேடினாள். எந்த ஆய்வகத்திலும் உயிருள்ள பேன் இல்லை. அவள் எழுதிய சட்டம் அவ்வளவு ஒழுங்காக நிறைவேறியிருந்தது. கடைசியில் ஓசூர் பக்கத்து மல்லிகைத் தோட்டக்காரி ஒருத்தியிடமிருந்து போன் வந்தது. பெயர் மாதேஸ்வரி. "பேனு ஒழிச்ச அம்மா நீங்கதானே? என் தோட்டத்துல ஒழியலங்க. வெளிய சொன்னா செடியெல்லாம் எரிச்சுடுவாங்க. நீங்க ஒருவாட்டி வந்து பாருங்க."

பிரிசில்லா போனாள். மல்லிகை இலைகள் வெளிறிப் புள்ளி புள்ளியாகக் கிடந்தன. மொட்டுகளின் மேல் ஒட்டடை. உருப்பெருக்கியை வைத்துக் குனிந்தாள். பெண் பேன்கள்! ஆண்வழியை மீறிப் பிழைத்த ஒரே வம்சம். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மாதேஸ்வரி அதைத் தன்மேல் வந்த இரக்கம் என்று எடுத்துக்கொண்டாள். "அழாதீங்கம்மா. கொண்டுபோய் இதக் கொல்றதுக்கு ஒரு வழி பண்ணுங்க. பூவு போனா எங்களுக்கு வேற பொழப்பு இல்ல."

"பண்றேன்" என்றாள் பிரிசில்லா. இலைகளைப் பெட்டியில் வைத்து மூடினாள். வளர்க்கத்தான் கொண்டுபோகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அடைத்த பூப்பறை ஒன்றில் பேன்களை விட்டாள். செடிகள் வெளிறின, எண்ணெய் கசந்தது. ரோஸ்லினுக்கு வலிப்பு நின்றது. மெலிந்திருந்தவள் மெல்லத் தேறினாள். பேருந்து மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. பயணச்சீட்டுப் பிரிவில் உட்கார வைத்தார்கள்.

"பேன் எங்க கெடச்சுதுக்கா?" என்று ஒரு நாள் கேட்டாள். பிரிசில்லா சொன்னாள்.

"அந்தம்மாவுக்கு என்ன சொல்லிட்டு வந்த?"

"கொல்றதுக்கு வழி பாக்கறேன்னு."

"பாத்தியா?"

இல்லை என்று பிரிசில்லா தலையசைத்தாள். வழி அவளுக்குத் தெரியும். ஆண்வழியில் இன்னொரு திருத்தம் போதும். ஆனால் உலகில் மிஞ்சியிருந்த கடைசி வம்சம் இது; அவள் கைவைத்தால் இதுவும் அழியும், மருந்தின் கசப்பும் அதோடு போகும்.

"நான் நல்லாருக்கணும்னு அவங்க வயித்துல அடிக்காதக்கா" என்றாள் ரோஸ்லின்.

பிரிசில்லா மறுபடி ஓசூருக்குப் போனாள். பேன் இதற்குள் பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவியிருந்தது. வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தங்கையைப் பற்றியும், சேலத்துப் பெண்ணைப் பற்றியும்.

மாதேஸ்வரி ஒட்டடை பிடித்த மொட்டு ஒன்றைக் கிள்ளி எறிந்தாள். பிறகு சொன்னாள்: "உங்க தங்கச்சிக்கு வேணும்னா உங்க வீட்ல வச்சு வளத்துக்கோங்க. என் தோட்டத்துல வளக்காதீங்க."

பிரிசில்லா செம்பேன் சட்டத்தைக் கவனிக்கும் அரசுக் குழுவின் முன் போய் நடந்ததை ஒப்புக்கொண்டாள். குழுவும் ஏறக்குறைய அதையே சொன்னது: சுரங்கத்துக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளியே ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. புதிய ஆண்வழியை அவள்தான் செய்ய வேண்டும்.

செய்தாள். மாதேஸ்வரியின் தோட்டத்தில் தன் கையாலேயே விட்டாள். அடுத்த பூக்காலத்தில் மல்லிகை வெள்ளை வெளேரென்று பூத்ததாகச் செய்தி வந்தது. ஆனால் அந்தப் பேன் அதற்குள் மற்ற ஊர்களுக்கும் பரவியிருந்ததால் புதிய ஆண்களை அவள் வளர்த்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

செம்பேன் பெண்களை உயிரோடு விட்டுவைக்கும் ஒரே இடம் அந்தப் பூப்பறை என்றாகிவிட்டது. அதன் கதவுகளில் ரப்பர்ப் பட்டை போட்டார்கள். காற்றை வடிகட்டினார்கள். உள்ளே போகிறவர்கள் குளித்து, உடை மாற்றி, தலையை மூடிக்கொண்டு போனார்கள். செம்பேனுக்கு ஆபத்து வந்துவிடக்கூடாதே! புதிய ஆண் ஒன்றே ஒன்று நுழைந்தால் போதும், கதை முடிந்துவிடும். அந்த ஆண்களோடு நாளெல்லாம் பழகுகிற ஒருத்தி மட்டும் உள்ளே வரவே கூடாது என்று முடிவாயிற்று. அது பிரிசில்லா.

அதனால் தினமும் காலையில் கண்ணாடிக்கு வெளியே வந்து நிற்பாள். உள்ளே உதவியாளர் மெர்சி உருப்பெருக்கியோடு செடி செடியாகக் குனிந்து போவாள். இலைநோக்கிகள் பேன் உண்டா இல்லையா என்றுதான் சொல்லும்; ஆணா பெண்ணா என்று பார்க்க அவற்றுக்குத் தெரியாது. பேன் அளவுக்கு மீறினால் ஈரத்துணியால் துடைத்தெடுப்பாள், கொஞ்சத்தை விட்டுவைப்பாள்.

பிரிசில்லா ஒலிவாங்கியை எடுத்துக் கேட்பாள்: "மெர்சி, பொண்ணு பொறந்திருக்கா?"

"இருக்கு மேடம்" என்று பதில் வரும். பிரிசில்லா மூச்சுவிட்டுத் தன் அறைக்குப் போவாள்.

அன்று மெர்சி ஓர் இலையைத் திருப்பினாள், பிறகு அடுத்த இலையை, அதற்கடுத்ததை. நிமிரவில்லை.

"மெர்சி? பொண்ணு பொறந்திருக்கா?"

மெர்சி கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

"இருக்கு மேடம்" என்றாள். "ஆனா நேத்தவிட கம்மியா இருக்கு."