நிசப்தவெட்டி

நெஞ்சொலிக் காப்பகத்தின் இயக்குநர் அறிவுடைநம்பி, மருத்துவமனைப் படுக்கையில் உட்கார்ந்து, தன் இதயம் பிரமாதமாக இருப்பதாகச் சொல்லும் திரையை வெறித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அடிக்கடி கண் இருட்டி விழுந்துகொண்டிருந்தார்.

அந்த நகரத்தில் எல்லோர் மார்பிலும் ஒரு நெஞ்சொட்டி உண்டு. இதயம் துடிக்கும் ஒலியைப் பதிவுசெய்து காப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒலிக்கோப்புகள் மலையாகக் குவிந்தபோது அறிவுடைநம்பிக்கு மூளை வேலை செய்தது. எங்கோ இலவசமாகக் கிடந்த ஒரு குட்டி மென்பொருளை எடுத்துவந்தார். பாட்டுப் பதிவுகளில் சத்தமில்லாத இடங்களை நறுக்குவதற்காக யாரோ பொழுதுபோகாமல் எழுதியது. அதற்கு நிசப்தவெட்டி என்று பெயர் சூட்டி, மனித இதயத்தின் மீது ஏவிவிட்டார் அந்த மகானுபாவர். இரண்டு துடிப்புக்கு நடுவே நிசப்தம் நீண்டால், அதை வெட்டி எறிந்துவிட்டுச் சீராக ஒட்டிவிடும். கோப்புகள் சுருங்கின. மருத்துவமனைத் திரைகளிலும் அந்த வெட்டிய பதிவுதான் ஓடியது. கூடவே நகரத்தில் இதயக் கோளாறும் காணாமல் போயிற்று! அதற்கு ஒரு விருது வேறு. கொடுத்தவர்களுக்காவது வெட்கம் வேண்டாமா?

“மெஷின் கிடக்கட்டும் டாக்டர், கொஞ்சம் கையைப் புடிச்சுப் பாருங்க,” என்றாள் மனைவி செங்கமலம். “நாடி நின்னு நின்னு போவுது.”

“கையால பார்க்கக் கூடாதும்மா. சார் போட்ட ஆர்டர்தான்.” டாக்டர் ரெக்ஸ்லின் இளித்தார். “பதிவு தப்புன்னு சார் தன் வாயால சொன்னா இப்பவே பார்க்கிறேன். ஆனா அது மேலிடத்துக்குப் போயிடும்.”

அறிவுடைநம்பிக்குப் புரிந்துவிட்டது. தன் இதயம் நின்ற இடங்களையெல்லாம் தன் நிசப்தவெட்டியே விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் உயிர் பிழைக்கும். சொன்னால் விருது போகும், நாற்காலி போகும். நன்றாக இருப்பதாகத் திருப்பி அனுப்பப்பட்டுச் செத்தவர்களின் வீட்டார் வாசலில் வந்து நிற்பார்கள்.

“சொல்லித் தொலைங்களேன்!” செங்கமலம் அழுதாள்.

“பதிவு சரியாத்தான் இருக்கு,” என்றார் அவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. “வெறும் பித்த மயக்கம். வா, போகலாம்.”

மானஸ்தன்! கதவுவரைகூடப் போகவில்லை; சரிந்தார். செங்கமலம் அவர் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமே கேட்கவில்லை. அலறினாள்.

ரெக்ஸ்லின் ஓடிவந்தார். குனியவில்லை; திரையைப் பார்த்தார். நிசப்தவெட்டி இந்தக் கடைசி நிசப்தத்தையும் ஒழுங்காக வெட்டியிருந்தது. துடிப்புகள் சீராக வரிசைகட்டி நின்றன.

“பயப்படாதீங்கம்மா, இதயம் அருமையா இருக்கு,” என்றார். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் மோர் குடுங்க.”