மெழுகின அறை

பின்னறையின் தரை ஈரமாக இருந்தது. ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் சாணி மெழுகியது யார் என்று சுப்பாத்தாளுக்குப் புரியவில்லை.

விடிந்தால் சித்தூரில் வீட்டுக் கிரய ஆதாரம் பதிவு. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று புருஷன் காளிச்சாமியோடு கொழிஞ்சாம்பாறைக்கு வண்டி கட்டி வந்திருந்தாள். வீட்டை விற்கிற நஞ்சப்பன் வாசலோடு நின்றுகொண்டார். "நீ போய்ப் பாரு அம்முணி. என்ற ஊட்டுக்காரி போய்ச் சேந்ததுக்கப்பறம் நான் உள்ள கால் வெக்கறதில்ல."

சுப்பாத்தாளுக்கு ஏழாம் மாதம். முன்னால் இரண்டு, காளிச்சாமியின் அண்ணனான மச்சாண்டார் வீட்டில், ஓரகத்தியின் வசவுக்கு நடுவே செத்துப் பிறந்தன. இதாவது சொந்தக் கூரையின் கீழே பிறக்கட்டும் என்று காளிச்சாமியை அரித்து எடுத்தவள் அவள்தான். இந்த வீட்டில் பேய் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், அதுபாட்டுக்கு ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருப்பாள்.

சாயங்கால வெயில் தாழ்ந்த சன்னல் வழியாகச் சாய்ந்து விழ, பச்சைச் சாணி வாசனைக்கு அடியில் புளித்த தாய்ப்பால் போல ஏதோ வீச, தரையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்த மெழுகின கைவளைவுகளை அவள் குனிந்து பார்த்தாள். மெழுகத் தெரிந்தவள் உள்சுவரில் ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து கதவு வழியாக வெளியே வருவாள். இங்கே கதவருகில் ஆரம்பித்திருந்தது. உள்மூலையில் முடிந்திருந்தது. திரும்பி வந்த கால்தடம் ஒன்றுகூட இல்லை.

காளிச்சாமி இதைப் பார்த்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டையே வேண்டாம் என்றுவிடுவான். அவன் வருவதற்குள் முறையாகத் திருப்பி மெழுகிவிடலாம் என்று நினைத்தாள். சேலையைச் சொருகிக்கொண்டு மூலைக்குப் போனாள். மண்டியிட்டு ஈரத்தில் கை வைத்தாள்.

ஈரம் சூடாக இருந்தது.

கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. கை தானாக ஒரு வளைவு போட்டது. இன்னொன்று.

"சுப்பா! என்ன புள்ள, புடிச்சிருக்குதா?" வாசலிலிருந்து காளிச்சாமி கூப்பிட்டான்.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"புடிச்சிருக்குதுங்க. வாங்கிப்போடலாமுங்க."

அவள் குரல். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

சேலை சரசரத்தது. யாரோ ஈரத்தின் மேல் கதவை நோக்கி நடந்தார்கள். அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சன்னல் மட்டும் தெரிந்தது. அதில் வீட்டுப் பக்கவாட்டில் நின்ற வண்டி. வண்டிப் பக்கம் அவளே போனாள். அதே சேலை. அதே நடை. இடுப்பில் கை ஊன்றி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு.

நஞ்சப்பன் அந்த முகத்தைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். பூட்டை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் வந்தார்.

"பாத்து ஏறு" என்று காளிச்சாமி கை கொடுத்தான்.

சுப்பாத்தாள் கீழே பார்த்தாள். சேலைக்கு அடியில் வயிறு ஒட்டிக் கிடந்தது.

"ஏனுங்க, புள்ள உதைக்குதுங்க." வண்டியிலிருந்து அவள் குரல்.

காளிச்சாமி சிரித்தான். இத்தனை வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. சாவி திரும்பியது. மாடுகளின் மணி நகர்ந்தது. அவள் கை இன்னொரு வளைவு போட்டது.