கடைசி வார்த்தைக்காரன்

பாடி முடித்து ஹெட்போனைக் கழற்றும்போதுதான் பாலகணேஷுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. ஒவ்வொரு வரியின் கடைசி வார்த்தையையும் தன்னோடு சேர்ந்து வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

ஆழ்வார்பேட்டையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஸ்டுடியோ. பாடுகிற அறைக்கு ஜன்னல் கிடையாது. நான்கு சுவரிலும் கறுப்பு ஸ்பாஞ்ச், ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி. கதவைச் சாத்தினால் வெளியே மத்தியான வெயில் அடிக்கிறதா, இருட்டிவிட்டதா என்பதே தெரியாது. ஏசியின் குளிரும், பழைய ஸ்பாஞ்சின் ஈர வாசனையும், தன் எச்சிலைத் தானே விழுங்குகிற சத்தமும்தான் மிச்சம். அப்படிப்பட்ட இடத்தில் எதிரொலி வர வழியே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிற விஜயராகவன் கட்டைவிரலை உயர்த்தினார். முப்பது வருஷமாகக் கச்சேரிகளைப் பதிவு செய்த மயிலாப்பூர்க்காரர். ராப் என்றால் முகம் சுளிப்பார் என்று பயந்துகொண்டு வந்தவர்கள் எல்லோரும் அவருடைய காதுக்கு அடிமையாகிவிட்டார்கள்.

"பிரமாதம் பாலா. பேக்கிங்கையும் கூடவே போட்டுட்டேள் போலிருக்கே?"

"இல்லையே சார். ஒரு தடவதான பாடினேன்."

"அப்படியா? வரி முடியற எடத்துல எல்லாம் பின்னாடி ஒண்ணு விழறதே. கண்ணாடில பட்டுத் திரும்பறதோ என்னமோ. நன்னாத்தான் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்."

பாலகணேஷ் சிரித்து வைத்தான். சிரிப்பு சரியாக வரவில்லை.

பேக்கிங் என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேடையில் முன்னால் நிற்பவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போவான். வரி முடிகிற இடத்தில் அவனுக்கு மூச்சு தீரும். அந்த இடத்தில் பின்னால், இடப்பக்கம் நிற்கிறவன் கடைசி வார்த்தையைப் பிடித்துக் கத்த வேண்டும். முன்னால் நிற்பவன் அந்த இடுக்கில் மூச்சு வாங்கிக்கொள்வான். ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது. கைதட்டல் எல்லாம் முன்னால் நிற்பவனுக்கு.

முன்னால் நின்றவன் ஆரோ என்கிற ஆரோக்கியராஜ். பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. பாலகணேஷைவிட ஒரு தலை உயரம். பாடுவதற்கு முன்னால் ஒரு கிராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொள்வான், தொண்டைக்கு நல்லதாம். முதல் மைக் வாங்கித் தந்தது பாலகணேஷ். பாடிப் பழக இடம் கொடுத்ததும் அவன்தான். தி.நகரில் அப்பாவின் ஜவுளிக்கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனில், புடவைக் கட்டுகளுக்கு நடுவே நின்று பாடினால் வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வராது. அத்தனையும் செய்தவனுக்குக் கிடைத்தது என்ன? அடுத்தவன் பாட்டில் வரிக்கு ஒரு வார்த்தை. அதிலும் ஆரோவின் வரிகள் பெரும்பாலும் 'நான்' என்றுதான் முடியும். இன்னொருத்தனுடைய நானை வருஷக்கணக்கில் தொண்டை கிழியக் கத்திய ஆள் இந்த ஊரிலேயே அவன் ஒருவன்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு விஷக் காய்ச்சல் வந்து ஆரோவைக் கொண்டுபோனது. பாலகணேஷ் அழுதான், பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே அழுதான். ஆனால் அதற்கப்புறம் நடந்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மந்தைவெளியில் ஒரு சுவர் முழுக்க ஆரோவின் முகத்தை வரைந்தார்கள். டீக்கடையில் அவன் பாட்டு. கல்யாண ஊர்வலத்தில் அவன் பாட்டு. உயிரோடு இருந்ததைவிட, செத்த பிறகு அவன் ஊரெல்லாம் இருந்தான். பிறகு நினைவு ஆல்பம் என்று ஒன்று கிளம்பியது. ஆரோ பாடி வைத்துவிட்டுப் போன துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய பாடகர் சேர்ந்து பாடுவதாக ஏற்பாடு. கொச்சியிலிருந்து ஒருத்தன், பாரிஸில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பையன் ஒருத்தன், சினிமாவில் பாடுகிற பெண் ஒருத்தி. ஆரோவை நேரில் பார்த்தேயிராதவர்கள் எல்லாம் அவன் தோளில் கைபோட்ட மாதிரி பாடினார்கள்.

ஆரோவின் தங்கை ஜாஸ்மின்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தாள். பட்டினப்பாக்கத்தில் மீன்கடை வைத்திருப்பவள். அவள் ஒருநாள் குடோனுக்கே வந்தாள்.

"பாலாண்ணா, எல்லாப் பாட்டுக்கும் பேக்கிங் நீதான் குடுக்கணும். அண்ணன் எங்க மூச்சு வுடும்னு ஒனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றாள்.

வயிறு எரிந்தது. செத்த பிறகும் அவனுக்கு மூச்சு விட நான் வேண்டுமா?

"கடேசிப் பாட்டுக்கு மியூசிக் மட்டுந்தான் கீது. அண்ணன் பாடினது எதுவும் உங்கிட்ட கீதா?"

இருந்தது. காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரம், இதே புடவைக் கட்டுகளுக்கு நடுவில், பாலகணேஷ் பின்னால் நின்று பேக்கிங் கொடுக்க, ஆரோ ஒரே தடவையில் பாடியது. அவன் பாடியதிலேயே நல்லது அதுதான். அது வேறு யாரிடமும் இல்லை.

"இல்லம்மா" என்றான் பாலகணேஷ். "அந்தப் பாட்ட நானே எழுதிப் பாடறேன். என் நண்பனுக்கு நான் செய்ய வேண்டியது."

ஜாஸ்மின் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். அவனுக்கு அது கூசவில்லை. ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு தடவை முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. ஆரோவின் வரிகளை அப்படியே எடுத்துக்கொண்டான். 'வல காயிற ரோட்டுல வளந்தவன் நான்' என்று முதல் வரி. ஜவுளிக்கடைக்காரன் மகன் வலையைப் பற்றிப் பாடினால் சிரிப்பார்கள் என்று அதில் முதல் இரண்டு வார்த்தையை மட்டும் மாற்றினான். 'கட வீதி ரோட்டுல வளந்தவன் நான்.' அதைத்தான் இன்று பாடியிருந்தான்.

மறுநாள் திரும்பப் போனபோது பாடும் அறையில் கிராம்பு வாசனை அடித்தது.

கீழே பல் டாக்டர் இருக்கிறார், கிராம்பு எண்ணெய் வைத்திருப்பார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நல்ல காரணம். ஆனால் மாடிப்படியில் அந்த வாசனை இல்லை, விஜயராகவன் இருந்த அறையில் இல்லை. மைக்குக்கு முன்னால், தன் முகத்துக்கு ஒரு சாண் மேலே, யாரோ இப்போதுதான் வாயைத் திறந்து மூடின மாதிரி சூடாக அடித்தது.

விஜயராகவன் நேற்றுப் பதிந்ததைப் போட்டுக் காட்டினார்.

"ஒரு சந்தேகம் பாலா. நேத்து கட வீதின்னா பாடினேள்? இன்னிக்குக் கேட்டா வலன்னு இருக்கே."

பாலகணேஷ் கேட்டான். அவன் குரல் 'கட' என்றது. அதன்மேல் படிந்தாற்போல இன்னொரு குரல், கரகரவென்று, உப்பு ஏறின குரல், 'வல' என்றது. கடைசி வார்த்தையை மட்டும் பிடித்த குரல் இப்போது வரியின் ஆரம்பத்துக்கே வந்திருந்தது.

"அழிச்சிடுங்க சார். வேற பாடறேன்."

வேறு பாடினான். அதிலும் அது இருந்தது.

அன்று சாயங்காலம் குடோனுக்குப் போனான். அந்தப் பழைய பதிவு இருப்பதால்தான் இதெல்லாம், அதை அழித்துவிட்டால் பாட்டு தன்னுடையதாகிவிடும் என்று ஏனோ தோன்றியது. அழிப்பதற்கு முன் ஒரே ஒரு முறை கேட்கலாம் என்று லேப்டாப்பில் ஓடவிட்டான். கஞ்சி போட்ட புதுத்துணியின் வாசனை. மேலே ஒரு பல்லி. மியூசிக் ஆரம்பித்தது. ஆரோ வரவில்லை. தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வரி முடிகிற இடத்தில், தூரத்திலிருந்து, தன் குரலே கேட்டது.

'நான்.'

மறுபடி தாளம். மறுபடி வெறுமை. அன்று பின்னால் நின்று தான் கொடுத்த பேக்கிங் மட்டும் இருந்தது. முன்னால் பாடியவன் அந்தப் பதிவில் இல்லை. எங்கேயோ எழுந்து போய்விட்டிருந்தான்.

பாலகணேஷ் அதை அழித்தான்.

கடைக்குள் நுழைந்தபோது கல்லாவில் இருந்த அப்பா ராஜரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். இந்த ஊருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை.

"யாரு கூடல பேசிக்கிட்டு இருந்த?"

"யாரும் இல்லப்பா."

அப்பா கழுத்தை நீட்டி அவனுக்குப் பின்னால் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ரெண்டு பேரு சத்தம் கேக்கு. வந்த புள்ளய உள்ள கூப்புடுல. வாசல்லயே நிக்க வச்சா பேசுவாக?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் கடற்காற்று பட்ட மாதிரி ஈரமாக இருந்தது.

வீட்டில் அம்மா மீனாட்சி தட்டில் தோசையைப் போட்டுவிட்டு, "இன்னொண்ணு வைக்கட்டா?" என்றாள். போதும் என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்கு முன்னால் அந்த வார்த்தை வந்துவிட்டது. அவனுக்கு முன்னால் இருந்து, சற்று மேலே இருந்து. "போதும்." அவன் வாய் அதற்கப்புறம்தான் அசைந்தது. "…போதும்." அம்மா தலையாட்டிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். அவளுக்கு வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. பாலகணேஷ் அன்றிரவு எதுவும் பேசாமல் படுத்துக்கொண்டான். பேசாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தான்.

மூன்றாம் நாள் ஜாஸ்மின் ஸ்டுடியோவுக்கு வந்தாள். கடையை மூடிவிட்டு நேரே வந்திருந்தாள், கையில் இன்னும் மீன் வாசனை. விஜயராகவன் பாட்டைப் போட்டார். முதல் வரியிலேயே அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வல காயிற ரோட்டுல வளந்தவன் நான்.

ஆரோவின் குரல். முழுசாக, தெளிவாக, கண்ணெதிரே நின்று பாடுகிற மாதிரி. வரி முடிகிற இடத்தில் மட்டும் பின்னால் மெல்லிசாக ஒரு பேக்கிங். அது பாலகணேஷின் குரல்.

"அண்ணன் பாடினது எதுவும் இல்லேன்னு சொன்னியே!" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "இத்த ஒளிச்சி வச்சிக்கினு இருந்தியா, எனக்கு சொல்லாம ஆச்சரியமா குடுக்கலாம்னு? பேக்கிங்கும் சூப்பரா கீதுண்ணா. எப்பவும் போல."

எப்பவும் போல. அந்த வார்த்தையில் அவனுக்கு எல்லாம் பற்றிக்கொண்டது. ஆமாம், இது ஆரோ பாடியதுதான், நான்தான் மறைத்தேன் என்று சொல்ல அந்த ஒரு நிமிஷம் இருந்தது. ஒரு வார்த்தை போதும், அவள் மன்னித்திருப்பாள். அவ்வளவு பயத்திலும் அவனுக்கு மனசு வரவில்லை. இந்த ஒரு பாட்டையும் ஆரோவுக்கே கொடுக்க மனசு வரவில்லை.

"அது ஆரோ இல்ல" என்றான், அவசரமாக, அந்த இன்னொரு குரல் முந்திக்கொள்ளும் முன். "பாடினது நான். வேணும்னா உன் கண்ணு முன்னாடி பாடிக் காட்டறேன்."

விஜயராகவன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உடம்பு சரியில்லேன்னா நாளைக்கு வச்சுக்கலாமே?"

அவன் காதில் வாங்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். காது அடைத்தது. கிராம்பு வாசனை முகத்தில் அறைந்தது. ஹெட்போனை மாட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜாஸ்மின், பக்கத்தில் விஜயராகவன். தாளம் ஆரம்பித்தது.

மைக்குக்கு அருகில் போக ஓர் அடி எடுத்து வைத்தான். போக முடியவில்லை. அங்கே இடம் இல்லை. ஏற்கெனவே யாரோ நிற்கிற இடத்தில் முட்டிக்கொண்ட மாதிரி, நெஞ்சில் ஈரச் சட்டையின் குளிர் பட்டது. கால் தானாகப் பின்வாங்கியது. பின்னால். இடப்பக்கம். எப்போதும் நிற்கிற இடம்.

பாட்டு ஆரம்பித்தது. அவன் வாய் மூடியிருந்தது.

முதல் வரி ஓடியது. கடைசி வார்த்தை வந்தது. அவன் தொண்டை தானாகத் திறந்தது.

"நான்."

இரண்டாம் வரி. "நான்." மூன்றாம் வரி. "நான்."

அவன் மூச்சு வாங்கப் பார்த்தான். இடுக்கு இல்லை. முன்னால் பாடுகிறவன் நிறுத்தவே இல்லை. அவனுக்கு இப்போது மூச்சு தேவையில்லை. ஒரு வரியின் வாலில் அடுத்த வரி. அதன் வாலில் அடுத்தது. எழுதி வைத்த வரிகள் தீர்ந்துபோயின. பாட்டு தீரவில்லை. யாரும் எழுதாத வரிகள். புதுசு புதுசாக. ஒவ்வொன்றும் அதே வார்த்தையில் முடிந்தது.

"நான்." "நான்."

நெஞ்சு எரிந்தது. கையை அசைத்தான். போதும் என்று கையை அசைத்தான். யாரும் பார்க்கவில்லை. விஜயராகவன் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜாஸ்மின் எழுந்து கண்ணாடிக்கு அருகில் வந்திருந்தாள். பாலகணேஷ் அவள் கண்ணைப் பிடிக்கப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு முன்னால், அவனைவிட ஒரு தலை உயரத்தில், எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. அண்ணே.

அவன் விலா கடைசியாக ஒருமுறை உள்ளே ஒடுங்கியது. உள்ளே இருந்த காற்றெல்லாம் வெளியே போனது. எதிரே கண்ணாடியில், அவன் வாய்க்கு எட்டாத உயரத்தில், ஒரு வாயளவுக்கு ஆவி படிந்தது. கலைந்தது. மறுபடி படிந்தது.

ஜாஸ்மின் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

வரி முடிந்தது.

"நான்."