சிறப்பு விருந்தினர் வரும்வரை

நாற்காலிகளைப் போட்டு முடித்ததும், அமுதவல்லி ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டியிருந்த பொத்தானைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். தட்டினால் பச்சை விளக்கு எரியவேண்டும். எரியாத நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் குலுங்கிக் குலுங்கி அழுதாலும், பரிவு அறக்கட்டளையைப் பொறுத்தவரை அவர் அழாதவர்தான்.

பொத்தானின் பெயர் நெகிழ்மானி. உட்கார்ந்திருப்பவரின் இதயத்துடிப்பையும் மூச்சையும் தோலின் சூட்டையும் முதுகு வழியாகவே படித்துவிடும். கைதட்டலை அது மதிக்காது. பொய் அழுகையை உடனே கண்டுபிடித்துவிடும். கூட்டம் முழுவதும் ஒன்றாக மூச்சைப் பிடித்ததா, ஒன்றாக விட்டதா என்று பார்த்துக் கடைசியில் ஒரே ஓர் எண்ணைச் சொல்லும். அதுதான் நெகிழ்வெண். நாடகமோ பறையிசையோ நடமாடும் நூலகமோ, எதற்கு நிதியுதவி வேண்டுமென்றாலும் அறக்கட்டளையிடம் அந்த எண்ணைக் காட்டியாக வேண்டும்.

அதைத் திட்டுவதற்கு அமுதவல்லிக்கு வாய் வராது. மானி வருவதற்கு முன்னால் யாருக்கு யாரைத் தெரியும் என்பதுதான் கலையின் தகுதியாக இருந்தது. அவள் ஒருங்கிணைப்பாளராக இருந்த அலைவாய் நாடகக் குழுவுக்கோ யாரையும் தெரியாது. எண்ணூரைத் தாண்டிய குப்பங்களில் தெருவில் நின்று நடிப்பவர்களுக்கு எந்தப் பெரிய மனிதர் சிபாரிசு செய்வார்? மானி வந்த முதல் வருடமே அவர்களுக்கு உதவி கிடைத்தது. “மிஷினுக்கு நம்ம தெரு பேரு தெரியாதும்மா. அதான் குடுத்துட்ச்சு” என்று இயக்குநர் மார்க்கண்டன் அன்று சிரித்தார். நெடுநேரம் சிரித்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு வருடம் அவமானப்பட்டவர் அவர்.

இன்றைய நாடகம் சுண்ணாம்புக் குப்பத்தின் சொந்தக் கதை. இரண்டு வருடங்களுக்கு முன் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டை உடைந்து, சேறு குப்பத்துக்குள் புகுந்தது. படகை இழுத்துக் கட்டப் போன தெய்வானையின் மகன் கருணாகரன் திரும்பி வரவில்லை. கரையை ஒப்புக்குக் கட்டினார்கள். ஒவ்வொரு மழைக்கும் அது இன்னும் கசிந்துகொண்டிருக்கிறது. அந்தக் கதையை அந்த மக்கள் முன்னாலேயே நடிக்கப்போகிறார்கள். போன இரண்டு நாடகங்களிலும் எண் சறுக்கிவிட்டது. இந்த முறையும் சறுக்கினால் குழுவைக் கலைக்கவேண்டியதுதான் என்று அறக்கட்டளை நாகரிகமாகச் சொல்லியிருந்தது. மார்க்கண்டன் ராப்பகலாக ஒத்திகை பார்த்தார்.

அமுதவல்லி மட்டும் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தாள். அறக்கட்டளையின் இயக்குநர் வைதேகியைச் சிறப்பு விருந்தினராக அழைத்தாள். நேரில் பார்த்தால் மனம் இரங்காதா என்ற நப்பாசைதான்.

நம் ஊரில் சிறப்பு விருந்தினர் வராமல் எந்த விழாவும் தொடங்காது. எந்த விருந்தினரும் சொன்ன நேரத்துக்கு வரவும் மாட்டார். இரண்டும் அவளுக்குத் தெரியும். அவள் மறந்தது மானியின் விதியை. கூட்டம் உட்கார்ந்ததிலிருந்து நிகழ்ச்சி தொடங்கும்வரை மானி படிப்பது அடிநிலை. அதிலிருந்து கலை எவ்வளவு மேலே தூக்குகிறது என்பதுதான் நெகிழ்வெண்.

மூன்று மணிக்கே கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. வைதேகி பாலத்தில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, எப்போ ஆரம்பிப்பீங்கோ?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“மேடம் வந்துகினே இருக்காங்க. இதோ, பத்து நிமிஷம்.”

“அப்போ ஒரு மணி நேரம் ஆவும்” என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள்.

வேலை எதுவும் இல்லாமல் இத்தனை பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்தது, சேறு வந்ததற்குப் பிறகு அன்றுதான். முதலில் குழாய்த் தண்ணீரைப் பற்றிச் சண்டை வந்தது. சண்டை எப்படியோ குட்டைக்குப் போனது. கரையில் விரிசல் விட்டிருப்பதை முதல் நாளே பார்த்ததாக ஒருவர் சொன்னார். அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று இன்னொருவர் எகிறினார். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து தெய்வானை எழுந்தாள். மகன் போனதிலிருந்து அவள் நாலு பேர் நடுவில் வாய் திறந்ததில்லை.

“அவனப் போவ சொன்னதே நாந்தான்” என்றாள். “படகு போய்டும்டா, போய் இஸ்து கட்டுடான்னு நாந்தான் தொரத்துனேன். யாராண்டயும் சொல்லல. இன்னிக்கு சொல்லிட்டேன்.”

குப்பமே மூச்சைப் பிடித்தது. பிறகு பக்கத்திலிருந்தவள் தெய்வானையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஆளாளுக்கு அழுதார்கள், ஆளாளுக்குப் பேசினார்கள். “அழுதுகினே இருந்தா கரைய எவன் கட்டுவான்? திங்கக்கெழம கலெக்டராண்ட மனு குடுக்கற நாளு. மொத்தமா போலாம்” என்று ஒரு குரல் எழுந்தது. வேனுக்கு யாரிடம் சொல்வது என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது காரின் ஹாரன் கேட்டது. வைதேகி வந்துவிட்டார். எல்லோரும் மரியாதையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நாடகம் நன்றாகத்தான் நடந்தது. மக்கள் பொறுமையாகப் பார்த்தார்கள், கடைசியில் கைதட்டினார்கள். ஆனால் முடிவுப் பலகையில் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருந்தது. மார்க்கண்டன் அதைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து முகத்து அரிதாரத்தைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். விருந்தினர் இல்லாமல் தொடங்கியிருந்தால் தப்பித்திருப்போம் என்பது அமுதவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. அவரிடம் அதைச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை.

மறுநாள் வைதேகியே தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

“அமுதா, இத ஃபெயிலியர்னு பாக்காதீங்க. அந்த அடிநிலைய நீங்க பாத்தீங்களா? இந்த மானி வந்ததுலேருந்து எந்த மேடையும் அந்த உயரத்தத் தொட்டதில்ல. மக்கள் தாங்களே பேசியிருக்காங்க. அப்ப நடுவுல நாடகம் எதுக்கு?”

“மேடம், நாடகத்துக்குத்தான் அவங்க வந்தாங்க.”

“வந்தாங்க. ஆனா காத்திருந்தப்பதானே நெகிழ்ந்தாங்க? காத்திருப்பு அரங்குன்னு ஒரு திட்டம் போடறோம். நாற்காலி, பந்தல், தேநீர், வரப்போற ஒரு விருந்தினர். அவ்வளவுதான். நீங்கதான் நடத்தணும். ஒங்க குழுவ அப்படியே வெச்சுக்குங்க, பந்தல் வேலை பாக்கட்டும். திட்டம் ஓடினா நாடகத்துக்கும் ஒரு வழி பண்ணலாம்.”

அமுதவல்லி தலையாட்டினாள். மார்க்கண்டனும் அவருடைய ஆட்களும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போவதை அவளால் பார்க்க முடியாது. நடிக்காவிட்டாலும் ஒன்றாக இருக்கட்டும், பிறகு ஒருநாள் நடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நல்லவர்கள் தவறு செய்யும்போது இப்படித்தான் நினைப்பார்கள்.

முதல் அரங்கு சுண்ணாம்புக் குப்பத்திலேயே நடக்கட்டும், திங்கட்கிழமையே வைத்துவிடலாம் என்றார் வைதேகி. அன்றைக்கு எல்லோரும் வேலைக்குப் போகாமல் ஒன்றாக இருப்பார்கள் அல்லவா?

“அன்னைக்கு அவங்க கலெக்டர் ஆபீஸ் போறாங்க மேடம்.”

“அதான் விஷயம். கலெக்டரையே விருந்தினரா அழைச்சிருக்கோம். மெயில் போயாச்சு.”

“வருவாரா?”

“அழைச்சிருக்கோம்னு சொல்லுங்க. வருவார்னு சொல்லாதீங்க. பொய் சொல்றது நம்ம கொள்கை இல்ல.”

அமுதவல்லி குப்பத்துக்குப் போய் அதைத்தான் சொன்னாள், அழைத்திருக்கிறோம் என்று. கேட்டவர்கள் வருகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் திருத்தவில்லை. “கலெக்டரே இங்க வர்றாரா? அப்ப வேன் இன்னாத்துக்கு?” என்று தெய்வானை சந்தோஷமாகக் கேட்டபோதும் அவள் திருத்தவில்லை.

திங்கட்கிழமை காலை பந்தல் நிறைந்தது. மார்க்கண்டன் தோளில் நாற்காலிகளைச் சுமந்து வந்து வரிசையாகப் போட்டார். பெண்கள் குளித்து, நல்ல புடவை கட்டி, இருமிக்கொண்டிருந்த குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சாம்பல் படிந்த மீனை ஒருத்தி பாத்திரத்தில் எடுத்து வந்திருந்தாள், காட்டுவதற்காக. யார் முதலில் பேசுவது, எப்படிப் பேசுவது என்று பார்த்துக்கொண்டார்கள். பேசிப் பார்க்கும்போதே அழுகை வந்தது. தெய்வானை தன் மகனைப் பற்றிச் சொல்லவேண்டியதை மூன்று முறை சொல்லிப் பார்த்தாள், மூன்று முறையும் பாதியில் நின்றாள். அமுதவல்லியின் கையிலிருந்த திரையில் எண் ஏறிக்கொண்டே போனது.

மதியமும் தாண்டியது. அங்கே கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கும் நேரம் முடிந்திருக்கும். இங்கே யாரும் எழுந்திருக்கவில்லை. விருந்தினரை எதிர்பார்த்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போவது மரியாதை இல்லை அல்லவா?

தெய்வானை அவளிடம் வந்தாள். “ஏம்மா, அவுரு வருவாரு இல்ல?”

  தான் இவ்வளவு கேவலமானவளா என்று இருந்தது அமுதவல்லிக்கு. நேரே போய் ஒலிபெருக்கியை எடுத்தாள்.

“கலெக்டர் வரமாட்டாரு. வர்றேன்னு அவர் சொல்லவே இல்ல. நீங்க காத்திருக்கணும், காத்திருந்து பேசணும், அழணும், அத இந்த நாற்காலி அளக்கணும். அதுக்காகத்தான் கூப்பிட்டோம். எல்லாம் தெரிஞ்சுதான் நான் வாய மூடிகிட்டு இருந்தேன். ஒங்க நாள நான் பாழாக்கிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க.”

அவள் அழுதாள். பந்தலே ஸ்தம்பித்துப்போனது. ஒரே மூச்சு, ஒரே துடிப்பு. பிறகு கூச்சல் கிளம்பியது. யாரோ நாற்காலியை உதைத்தார்கள். மீன் பாத்திரத்தை ஒருத்தி அவள் காலடியில் கவிழ்த்தாள். மார்க்கண்டன் குறுக்கே வரப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். யாரும் அடிக்கவில்லை.

தெய்வானை மட்டும் போகும்போது நின்றாள். “எம் புள்ளய பத்தி மூணு வாட்டி சொன்னேனே, அப்பயும் சொம்மாதான் இருந்தியா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வேலை போய்விட்டது என்றுதான் அமுதவல்லி நினைத்தாள். ஒருவிதத்தில் நிம்மதியாகவும் இருந்தது. ராஜினாமாவை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வைதேகி போனில் கூப்பிட்டார். அவர் குரல் நடுங்கியது. கோபத்தில் அல்ல.

“அமுதா, நூறு! நூறுக்கு மேல மானில இடம் இல்ல. நீங்க பேச ஆரம்பிச்ச நொடியிலேருந்து அப்படியே நூறுல நிக்குது. நான் இங்க ஆபீஸ்ல ஒக்காந்து அழுதுட்டேன், தெரியுமா? இவ்வளவு நேர்மைய எந்தக் கலைஞரும் மேடைக்குக் கொண்டு வந்ததில்ல.”

“மேடம், நான் அவங்கள ஏமாத்தினேன்.”

“ஆமா, அத ஒத்துகிட்டீங்க. அதுதான் நம்ம திட்டத்துல இல்லாம இருந்தது. ஒரு முடிவு.”

அமுதவல்லி ராஜினாமாவைப் பற்றிச் சொன்னாள். வைதேகி குறுக்கே பேசாமல், பரிவோடு கேட்டுக்கொண்டார். பிறகு அலைவாய் குழுவைப் பற்றி விசாரித்தார். நீங்கள் விலகினால் அவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். அடுத்த வருடம் மார்க்கண்டனுக்கு நிச்சயம் ஒரு மேடை உண்டு என்றார். அது மிரட்டல் இல்லை. அவர் உண்மையாகவே அக்கறைப்பட்டுத்தான் கேட்டார். அதனாலேயே அமுதவல்லி ராஜினாமாவை எழுதவில்லை.

சுண்ணாம்புக் குப்பத்துப் பெண்கள் அடுத்த திங்கட்கிழமை தாங்களாகவே வேன் பிடித்துக் கலெக்டரைப் பார்க்கப் போனதாகக் கேள்வி. என்ன பேசினார்கள், கரை என்ன ஆயிற்று என்று அறக்கட்டளைக்குத் தெரியாது. கலெக்டர் அலுவலக பெஞ்சுகளில் நெகிழ்மானி கிடையாது.

இப்போது மாதத்துக்கு இரண்டு மூன்று ஊர்களில் காத்திருப்பு அரங்கு நடக்கிறது. போன வாரம் சாயப்பட்டறைத் தண்ணீரால் கிணறுகள் கெட்டுப்போன ஒரு கொங்கு கிராமத்தில் நடந்தது. விருந்தினராக மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரை அழைத்திருந்தார்கள். மார்க்கண்டன் நாற்காலிகளைப் போட்டுவிட்டு, வேனுக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மக்கள் பேசி அழும் கட்டம் வரும்போது அவர் எப்போதும் அப்படித்தான் நிற்கிறார். பந்தலில் ஒரு நடுத்தர வயதுப் பெண் எழுந்து தன் கரு கலைந்த கதையைச் சொல்லி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அமுதவல்லியிடம் வந்தாள்.

“ஏனுங்கக்கா, அந்த அதிகாரி வந்துருவாருங்களா?”

அமுதவல்லி கையிலிருந்த திரையைப் பார்த்தாள். எண் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. ஏறுவது நின்ற பிறகுதான் உண்மையைச் சொல்லவேண்டும் என்பது திட்டத்தின் வழிகாட்டுதல்.

“வந்துகிட்டே இருக்காருங்க” என்றாள். “ஒக்காருங்க. டீ குடிச்சீங்களா?”